கனோவில் போகும் பிள்ளைக்கு ஆற்றை வாசிக்கத் தெரிய வேண்டும்



போன மாத உரை முடிந்த கையோடு ஒரு தாயார் தொலைபேசியில் வந்தார். "தம்பி, பள்ளிக்கூடத்தால பிள்ளையளைக் கனோவில ஆத்துக்குக் கொண்டு போகினமாம். கையெழுத்துக் கேட்டுக் கடிதம் வந்திருக்கு. விடலாமோ, விடக்கூடாதோ?" என்று கேட்டார். "விடுங்கோ அம்மா" என்று சொல்லிவிட்டேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தப் பதில் போதாது என்று பட்டது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த மாத உரை.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் டென்மார்க்குக்கு வந்தபோது எனக்கு ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்களுக்கு இருந்த ஒரே ஆறு வழுக்கியாறு. அது மாரிக்கு ஓடி அராலிப் பக்கம் கடலில் விழும், கோடைக்கு வாய்க்கால் மாதிரிக் காய்ந்து கிடக்கும். கடல் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள், கீரிமலைக் கேணியில் குதித்து நீந்தப் பழகியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஓடுகிற நன்னீர் எப்படி நடந்துகொள்ளும் என்று எங்கள் வீடுகளில் யாரும் சொல்லித் தந்ததில்லை, ஏனென்றால் சொல்லித்தர ஆறே இருக்கவில்லை. இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகளோ பதினொரு பன்னிரண்டு வயதிலேயே துடுப்பைக் கையில் எடுக்கிறார்கள். பெற்றோருக்குத் தெரியாத ஒன்றைப் பிள்ளைகள் செய்யும்போது, ஒன்றில் கண்ணை மூடிக்கொண்டு அனுமதிப்போம், இல்லாவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தடுப்போம். இரண்டும் சரியில்லை என்பது என் எண்ணம்.

கனோ, கயாக் இரண்டையும் பலர் குழப்புகிறார்கள். கனோ என்பது மேலே திறந்த படகு. இரண்டு மூன்று பேர் இருக்கலாம், துடுப்புக்கு ஒரு பக்கம் மட்டும்தான் தகடு. கயாக் ஒடுக்கமானது, மேலே மூடியது, துடுப்புக்கு இரண்டு பக்கமும் தகடு இருக்கும். பாறைகளுக்கு நடுவே நுரைத்துப் பாயும் ஆற்றில் இவற்றை ஓட்டுவதை ஆங்கிலத்தில் வைற் வோட்டர் என்பார்கள், அதாவது வெள்ளைத் தண்ணீர். தண்ணீருக்குள் காற்றுக் கலந்து நுரைப்பதால் வரும் வெள்ளை அது. உலகம் முழுவதும் அதை ஒன்றிலிருந்து ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். ஒன்று என்றால் சின்னச் சலசலப்பு. ஆறு என்றால் உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

டென்மார்க்கில் வெள்ளைத் தண்ணீர் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த நாட்டின் மிக உயர்ந்த இயற்கை மேடான மொல்லஹொய் 171 மீற்றர்தான். எங்கள் விபோர்க்குக்குக் கிட்ட ஓடும் குடெனோ டென்மார்க்கின் மிக நீளமான ஆறு. டெனிஷ் மொழியில் 'ஓ' என்றாலே ஆறுதான், அதனால் குடெனோ ஆறு என்று நாங்கள் சொல்வது ஆற்றாறு என்பது போலத்தான், இருந்தாலும் பழகிவிட்டது. தின்னெற் கிராட் என்ற இடத்தில் ஊற்றெடுத்து, சில்கபோர்க் ஏரிகளைக் கடந்து, பியரிங்ப்ரோ, உல்ஸ்ருப், லோங்கோ வழியாக ரண்டர்ஸ் வரை கிட்டத்தட்ட 160 கிலோமீற்றர் போகிறது. இந்த நீளம் முழுவதற்கும் அது இறங்கும் உயரம் எழுபது மீற்றரளவுதான்.

எங்கள் நாட்டுக் களனி கங்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் நீளம் சுமார் 145 கிலோமீற்றர், குடெனோவைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அதன் கிளைகள் ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைப் பக்கங்களில் இரண்டாயிரம் மீற்றர் உயரத்திலிருந்து விழுந்து வருகின்றன. கித்துள்கலையில் பாறைகளுக்கு நடுவே இறப்பர்ப் படகில் போகிறார்களே, அது அந்த இறக்கத்தின் பலன். 'குவாய் ஆற்றுப் பாலம்' படத்துக்காகப் பாலம் கட்டிப் படம் எடுத்ததும் அதே ஊரில்தான். விடுமுறைக்கு இலங்கை போகிற எங்கள் இளைஞர்கள் இப்போது கித்துள்கலைக்குப் போகாமல் திரும்புவதில்லை.

ஆனால் குடெனோவுக்கும் ஒரு காலத்தில் விரைந்து ஓடும் பகுதி இருந்தது. அது இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. அன்ஸ் என்ற ஊருக்கும் தொங்கே என்ற ஊருக்கும் இடையில், பள்ளத்தாக்கு ஒடுங்கி ஆறு சரளைக் கற்களின் மேல் வேகமாக இறங்கியது. முன்பு ரண்டர்ஸிலிருந்து சில்கபோர்க்குக்குச் சரக்கு ஏற்றிய தட்டையான பெரிய வள்ளங்களைக் கரையிலிருந்து ஆட்களும் குதிரைகளும் கயிறு கட்டி இழுத்துப் போவார்கள். 1840களில் சில்கபோர்க்கில் கடதாசி ஆலை வந்தபோது அந்தப் போக்குவரத்து பெருகியது. அவர்கள் நடந்த இழுவைப் பாதை இன்று நடைபயணம் போகும் பாதையாக இருக்கிறது, நீங்களும் போயிருப்பீர்கள். ஆற்றை எதிர்த்து ஏறிய அந்த மனிதர்களுக்கு இந்த இறக்கம் பெரிய தொல்லை. மின்சாரம் எடுக்க நினைத்தவர்களுக்கோ அதே இறக்கம் பெரிய வரம். முதலாம் உலகப் போரில் நிலக்கரி கிடைக்காமல் நாடு தவித்ததை அடுத்து அங்கே அணை எழுந்தது. 1921இல் தொங்கே நீர்மின் நிலையம் திறக்கப்பட்டது. டென்மார்க்கின் மிகப் பெரிய நீர்மின் நிலையம் அதுதான். பின்னால் தேங்கிய தொங்கே ஏரி நாட்டின் மிகப் பெரிய செயற்கை ஏரி. அதற்கு அடியில்தான் அந்தச் சரளை இறக்கமும் சமன் மீன்கள் முட்டையிட்ட இடங்களும் போயின. குடெனோவுக்கே உரிய சமன் மீன் இனம் சில ஆண்டுகளில் அழிந்தது. மீன் ஏற வழி செய்து பார்த்தார்கள், போதவில்லை. இன்று அந்த ஆற்றில் பிடிபடும் சமன், பிற ஆறுகளின் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டதால் வந்தது.

மின் நிலையத்தின் பழைய உரிமக் காலம் 2001இல் முடிந்தது. அதற்கு முன்னும் பின்னும் ஏரியை வைத்திருப்பதா, ஆற்றைத் திரும்ப ஓட விடுவதா என்று இழுபறி. ஏரிக்கரையில் வீடு கட்டியவருக்கு அது நூறு வருடத்து அழகான ஏரி. தூண்டில்காரருக்கு அது ஆற்றின் குரல்வளையில் போட்ட கட்டு. நான் இரண்டு பேருடனும் கதைத்திருக்கிறேன், இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கித்துள்கலையிலும் இதே கதைதான்: புரோட்லண்ட்ஸ் என்ற 35 மெகாவாட் நீர்மின் திட்டம் களனியின் ஒரு பகுதித் தண்ணீரைச் சுரங்கத்துக்குத் திருப்பியபோது படகுக்காரர் எதிர்த்தார்கள். எல்லா அணையும் இப்படி நிலைத்துவிடுவதில்லை. மொஸ்ஸோ ஏரிக்கு மேலே வில்ஹொல்ற் என்ற இடத்தில் 2008இல் பழைய ஆலை அணையை எடுத்துவிட்டார்கள். அங்கே ஆறு மறுபடி கற்களின் மேல் சலசலத்து ஓடுகிறது, டிரவுட் மீன்கள் பெருகிவிட்டன. இப்படிக் கல்லைப் போட்டு மீட்ட இறக்கத்தை இங்கே 'ஸ்ட்ரூ' என்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் நுரைத் தண்ணீரை முதன்முதலில் சந்திப்பது பெரும்பாலும் அப்படி ஒரு ஸ்ட்ரூவில்தான். பெரிய நுரை வேண்டும் என்கிற டெனிஷ்காரர் நோர்வேக்கு, ஷோவா போன்ற ஆறுகளுக்குப் போகிறார்கள்.

சரி, இறக்கத்தில் படகு எப்படிப் போவது? கையின் பலம் இரண்டாம் பட்சம். முதலாவது வாசிப்பு. எழுத்தை வாசிப்பது போல ஆறும் வாசிக்கப்பட வேண்டியது. இரண்டு கற்களுக்கு நடுவே ஆழமான வழி இருந்தால் தண்ணீர் வழுவழுப்பான ஒரு நாக்கு மாதிரி நீண்டு, அதன் கூர்முனை நீங்கள் போகும் திசையைக் காட்டும். அது வாசல், அதற்குள் போகலாம். கூர்முனை உங்களைப் பார்த்து இருந்தால் அதன் நுனியில் ஒரு கல் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். கல்லுக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில், அதாவது மேல்நோக்கித் திரும்பி ஓடும். இந்த எதிரோட்டம்தான் படகுக்காரரின் திண்ணை. அதற்குள் நுழைந்துவிட்டால் பாயும் ஆற்றின் நடுவிலேயே படகு அசையாமல் நிற்கும். மூச்சு வாங்கலாம், அடுத்த இறக்கத்தைப் பார்க்கலாம்.

திண்ணையிலிருந்து இறங்கும் இடத்தில்தான் பழகாதவர் கவிழ்வது. எதிரோட்டத்திலிருந்து மூக்கை வெளியே நீட்டியதும் பெரிய ஓட்டம் படகை வெடுக்கென்று திருப்பும். சைக்கிளில் வளைவு எடுக்கும்போது உடலைத் திரும்பும் பக்கம் சரிப்போமே, அதேபோல ஆறு போகிற பக்கம் சரிய வேண்டும். மனசு நேர்மாறாகச் செய்யச் சொல்லும். பயந்தவன் தண்ணீர் வருகிற பக்கம் சரிவான். அந்தப் பக்க விளிம்பு தாழ்ந்ததும் ஆறு உள்ளே வந்துவிடும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

2007 மே மாதம், ஒரு சனிக்கிழமை. நானும் அக்காவின் மகனும் பியரிங்ப்ரோவில் கனோவை இறக்கினோம். பையனுக்குப் பதினான்கு வயது. வெயில் அடித்தது, ஆறு கண்ணாடி மாதிரி இருந்தது, நுரை என்று ஒரு துளி இல்லை. அவன் பாதுகாப்பு அங்கியைப் போட்டிருந்தான், தாய் சத்தியம் வாங்கி அனுப்பியிருந்தாள். என்னுடையதை நான் இருக்கைக்கு மேல் மெத்தையாகப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தேன். ஒரு வளைவில் கரை இடிந்து ஒரு மரம் ஆற்றுக்குள் விழுந்து கிடந்தது. வளைவின் வெளிப்பக்கத்தில்தான் ஓட்டம் வேகமானது, கரையை அரித்து மரத்தை விழுத்துவதும் அந்த ஓட்டம்தான். ஆகவே விழுந்த மரம் எப்போதும் ஓட்டம் உங்களை இழுத்துப் போகும் பக்கத்திலேயே கிடக்கும். எனக்கு அது தெரியாது. "மாமா, மரம்!" என்று பையன் கத்தினான். நாங்கள் துடுப்பை எதிர்ப்பக்கம் போட்டோம். படகு குறுக்கே திரும்பி, பக்கவாட்டாக மரத்தில் போய் ஒட்டியது.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது மரத்தை நோக்கிச் சாய்வது, அதைக் கட்டிப் பிடிப்பது. நாங்கள் இரண்டு பேரும் மரத்தைக் கண்டு பயந்து மறுபக்கம் சாய்ந்தோம். ஒரு நொடிதான். படகு தண்ணீரைக் குடித்துக்கொண்டு புரண்டது. பையன் அங்கியின் புண்ணியத்தால் மிதந்து ஒரு கொப்பைப் பிடித்துவிட்டான். நான் கொப்புகளுக்கு அடியில் போனேன். சேர்ட் எதிலோ மாட்டிக்கொண்டது. அப்படி மாட்டியது எத்தனை விநாடி என்று எனக்குத் தெரியாது. பையன் பிறகு சொன்னான், "மாமா, நான் எண்ணத் தொடங்கினனான், ஒன்பது மட்டும் எண்ணினனான்" என்று. சேர்ட் கிழிந்ததால் வெளியே வந்தேன். முழங்கால் வரை நீரில் நின்ற ஒரு தூண்டில்காரர் மீன்வலைக் கம்பை நீட்டி இரண்டு பேரையும் கரைக்கு இழுத்தார். பிறகு தன் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். கோப்பையைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

மரம் ஏன் கல்லைவிட மோசம்? கல்லில் மோதும் தண்ணீர் சுற்றிப் போகும், உங்களையும் சுற்றிக் கொண்டுபோகும். மரத்துக்குள்ளால் தண்ணீர் புகுந்து போகும், உங்களை மட்டும் வைத்துக்கொள்ளும். தேங்காய்ப்பாலை வடித்தட்டில் ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள், நாங்கள் அந்தத் துருவல். ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். ஒரு கன மீற்றர் தண்ணீரின் எடை ஆயிரம் கிலோ. நீர் நிரம்பிய கனோவை அந்த மரத்திலிருந்து எடுக்க அடுத்த நாள் நான்கு ஆட்களும் ஒரு நீளக் கயிறும் வேண்டியிருந்தது.

தண்ணீரில் விழுந்துவிட்டால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். ஓடுகிற ஆற்றில் கால் இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டினால் ஓட்டம் உடலை முன்னால் மடித்து முகத்தைத் தண்ணீருக்குள் அமுக்கும், இடுப்பளவு நீரில் ஆள் போவது இப்படித்தான். மல்லாந்து படுத்து, கால்களை ஆறு போகிற பக்கம் நீட்டி, பெருவிரல் தெரிய மிதந்து, கரைப் பக்கம் கையால் தள்ள வேண்டும். முன்னால் மரம் வந்தால் மட்டும் இது மாறும். குப்புறத் திரும்பி, மரத்தை நோக்கி நீந்தி, கொப்பின் மேல் ஏறிவிட வேண்டும். காலை முதலில் கொடுத்தால் கீழே போவீர்கள், நான் போனது மாதிரி.

இன்னொன்று அணைக்கட்டு. உயரமானது அல்ல, ஒரு மீற்றர் உயரமான சின்னத் தடுப்பு. மேலேயிருந்து வரும் கனோக்காரருக்கு அது தெரியவே தெரியாது, ஆறு ஒரு நேர்கோட்டில் முடிவது போல இருக்கும். கீழே விழும் தண்ணீர் அடியில் போய், மேலெழுந்து, மேற்பரப்பில் அணையை நோக்கியே திரும்பி வரும். அதற்குள் விழுந்த மரக்கட்டை நாள் முழுவதும் உருண்டுகொண்டிருப்பதைக் காணலாம். ஆளும் அப்படித்தான் உருளுவார். நுரையில் காற்று அதிகம் என்பதால் மிதப்பும் குறையும். அமெரிக்காவில் மீட்புப் பணியாளர் இதை மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே அழைக்கிறார்கள். இயற்கையான இறக்கத்தில் கற்கள் ஒழுங்கற்று இருப்பதால் எங்காவது ஒரு வெளிவழி இருக்கும். மனிதன் கட்டிய நேரான தடுப்பில் அது இருக்காது. தடுப்பையோ மின் நிலையத்தையோ கண்டால் பலகை காட்டும் இடத்தில் கரை ஏறிப் படகைச் சுமந்து போக வேண்டும். ஸ்கான்டர்போர்க்கிலிருந்து ரண்டர்ஸ் வரை குடெனோவில் சுமார் 120 கிலோமீற்றர் கயாக் போட்டி ஓடுகிற வீரர்களே தொங்கேயில் இறங்கித் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எங்களுக்கு என்ன வெட்கம்?

கடைசியில் குளிர். நாங்கள் விழுந்த மே மாதத்தில் காற்று இருபது பாகை, தண்ணீர் பத்துப் பன்னிரண்டு பாகை. வெயிலைப் பார்த்து உடுத்தோம், தண்ணீரைப் பார்த்து உடுத்தவில்லை. குளிர்நீரில் விழுந்தவர் முதல் ஒரு நிமிடம் விக்கி விக்கி மூச்செடுப்பார். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் அதோடு சரி. நீச்சல் வீரனுக்கும் அங்கி ஏன் தேவை என்பதற்கு இதுதான் காரணம். அதன்பின் கைகால் ஒழுங்காக இயங்கப் பத்து நிமிடமளவு கிடைக்கும். நினைவு தப்ப அதைவிட நேரம் எடுக்கும், நீர் மிகக் குளிராக இருந்தால்கூட ஒரு மணி நேரமளவு. ஆகவே முதல் நிமிடம் பதறாமல் மூச்சைப் பிடிக்குள் கொண்டுவருவது, அடுத்த பத்து நிமிடத்தில் கரை ஏறுவது. 2011 பெப்ரவரி 11இல் தெற்கு ஷேலன்டில் ப்ரெஸ்தோ கடல்நீரேரியில் 13 மாணவரும் 2 ஆசிரியரும் போன டிராகன் படகு கவிழ்ந்தது. தண்ணீர் 2 பாகை. ஓர் ஆசிரியர் இறந்தார். ஏழு மாணவரின் இதயம் நின்றிருந்தது, ஒருவரின் உடல் வெப்பம் 15.5 பாகைக்கு இறங்கியிருந்தது. கோபன்ஹேகன் றிக்ஸ்ஹொஸ்பிற்றலில் இரத்தத்தை வெளியே எடுத்து மெல்ல மெல்லச் சூடாக்கி ஏழு பேரையும் உயிர்ப்பித்தார்கள். சிலருக்குப் பாதிப்பு நீடித்தது. படகு விடயத்தில் இந்த நாட்டுப் பள்ளிக்கூடங்கள் இவ்வளவு விழிப்பாக இருப்பதற்கு அந்த நாளும் ஒரு காரணம்.

அந்தத் தாயாருக்கு நான் திரும்ப எடுத்துச் சொன்னது இதுதான். கையெழுத்துப் போட முன் வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்: எந்தப் பகுதியில் போகிறார்கள், அதில் அணையோ தடுப்போ இருக்கிறதா, அங்கியைப் படகில் வைத்திருப்பார்களா அல்லது பிள்ளையின் உடலில் கட்டியிருப்பார்களா, விழுந்தால் மாற்றுடை எங்கே இருக்கும். டென்மார்க்கில் ஆளுக்கு ஓர் அங்கி படகில் இருந்தாக வேண்டும் என்பது விதி. போட்டிருப்பதுதான் எங்கள் பொறுப்பு. அங்கியின் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள், காதுக்கு மேலே வந்தால் அளவு பெரிது. "நீங்கள் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று எங்களவர் தயங்குவோம். அவர்கள் ஒன்றும் நினைக்க மாட்டார்கள், டெனிஷ் பெற்றோர் இதைவிட நுணுக்கமாகக் கேட்பார்கள். குடும்பமாகப் போவதென்றால் ஆற்றின் மேற்பகுதிகளிலும் கரூப் ஆற்றிலும் படகுகளின் எண்ணிக்கைக்கும் நாட்களுக்கும் கட்டுப்பாடு உண்டு, முன்கூட்டியே விசாரித்துப் பதிய வேண்டும். விபத்தென்றால் 112. எந்த ஊருக்குக் கிட்ட, எந்தப் பாலம் கடைசியாகக் கடந்தீர்கள் என்பதை நினைவில் வைத்திருங்கள், ஆற்றுக்கு வீட்டு இலக்கம் கிடையாது.

இரண்டு நாள் கழித்து அந்தத் தாயார் மறுபடி எடுத்தார். ஆசிரியர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாராம், கையெழுத்தும் போட்டாயிற்றாம். "தம்பி, பெரியாக்களுக்கு நீச்சல் பழக்கிற இடம் விபோர்க்கில எங்க இருக்கு?" என்று கேட்டார். பிள்ளைக்கல்ல, தனக்கு. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். வேறு யாரும் சேர விரும்பினால் நிலையத்துக்கு எடுத்துப் பெயரைக் கொடுங்கள், ஐந்தாறு பேர் சேர்ந்தால் பெண்களுக்குத் தனி நேரம் கேட்டுப் பார்க்கலாம்.